போர் விமானக் கண்ணாடியும் என் கழுத்தும்

என் கழுத்து திரும்பாது. சுளுக்கிக்கொண்ட கழுத்து இல்லை. எலும்போடு எலும்பு ஒட்டிப்போய் இனிமேல் திரும்பவே முடியாத கழுத்து. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் காலை நகர்த்தி, இடுப்பைத் திருப்பி, ஒரு பீரோவைத் திருப்பிவைப்பதுபோல உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் இது எனக்குப் பழகிவிட்டது. என்னைக் கூப்பிடுகிறவர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

ஏற்காட்டில் ஏரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு லாட்ஜில் கணக்கும் அறை முன்பதிவும் பார்க்கிறேன். வரவேற்பு மேடை வாசலைப் பார்த்து இருக்கிறது. அதற்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி என் மேசை. இணைய வயர் அந்தச் சுவரில்தான் வந்து இறங்குகிறது என்பதால் மேசையை வேறு எங்கும் நகர்த்த முடியவில்லை. ஆக, வாசல், சோபா, சமையலறைக்குப் போகும் வழி, அங்கே நடமாடும் மனிதர்கள் எல்லாருமே நாள் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். தரையில் கனத்த விரிப்பு போட்டிருப்பதால் காலடிச் சத்தமும் கேட்காது. ஒருநாள் சமையல்காரர் என் முழங்கைப் பக்கமாகச் சத்தமில்லாமல் காபியை நீட்ட, நான் தூக்கிவாரிப்போட்டு எழுந்ததில் டம்ளர் முழுவதும் கீபோர்டுக்குள் இறங்கியது. அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணாடி யோசனை வந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கல்லூரி நாட்களிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானங்களின் சின்ன மாதிரிகளைப் பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து ஒட்டி, வர்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில் வைப்பேன். அலமாரி எப்போதோ நிறைந்துவிட்டது. "இன்னும் ஒரு ப்ளேன் இந்த ஊட்டுக்குள்ள எறங்குச்சுன்னா நான் வெளிய எறங்கிருவனுங்க" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். அதற்குப் பிறகும் நாலைந்து இறங்கியிருக்கின்றன.

அவற்றில் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேயர்களின் விமானத்துக்கான பெட்டியில் இருக்கும் துண்டுகளிலேயே சின்னது, விமானியின் முன்கண்ணாடிக்கு மேலே ஒட்ட வேண்டிய பின்பார்வைக் கண்ணாடி. பாதி உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். முதல்முறை அதை இடுக்கியால் எடுத்தபோதே தெறித்து எங்கோ விழுந்துவிட்டது. எனக்குக் குனிந்து தேடவும் வராது. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த மனைவிதான் செல்போன் வெளிச்சத்தை வைத்துக் கட்டிலுக்கடியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். "இவ்வளவூண்டு கண்ணாடியில அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சண்டை விமானத்தை வீழ்த்துகிறவன் பெரும்பாலும் முன்னால் வரமாட்டான். பின்னாலிருந்து, முடிந்தால் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு வருவான். விமானியோ வார்களால் இருக்கையோடு கட்டப்பட்டிருப்பான். அவனைக் காப்பாற்றுவதற்காகத் தலைக்குப் பின்னால் வைத்த இரும்புத் தகடே பின்பக்கத்தை மறைத்தது. அதனால் ஓயாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். அவர்கள் கழுத்தில் பட்டுத்துணி சுற்றியிருந்தது அழகுக்காக இல்லை. திரும்பித் திரும்பிக் கழுத்துத் தோல் சட்டைக் காலரில் உரசிப் புண்ணாகிவிடும் என்பதால்தான். போர் ஆரம்பித்த காலத்தில் எல்லா விமானங்களிலும் கண்ணாடி கிடையாதாம். சில விமானிகள் கடைக்குப் போய்க் காருக்கு வைக்கிற கண்ணாடியை வாங்கி, தாங்களே திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டார்கள் என்று படித்தேன். அது காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். பிறகு தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பத் தொடங்கினார்கள்.

என்னை இழுத்தது அந்தக் கடைதான். சாவுக்கும் தனக்கும் நடுவில் வைக்க ஒரு கண்ணாடி கேட்டு, யாரோ ஒரு இளைஞன் கார் சாமான் கடையில் நின்றிருக்கிறான். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டிருப்பார். அவன் என்ன சொல்லியிருப்பான்?

காபி கொட்டிய மறுநாள் நானும் பஜாரில் இருக்கும் இருசக்கர வண்டி சாமான் கடைக்குப் போனேன்.

"ஒரு சைடு மிரர் வேணுமுங்க. வட்டமா, சின்னதா."

"எந்த வண்டிக்குங்க?"

"மேசைக்கு."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேசைக்கு ரெண்டு பக்கமும் வேணுமுங்களா, ஒரு பக்கம் போதுமுங்களா?" என்றார், சிரிக்காமல்.

ஒன்றை மட்டும் வாங்கிவந்து, பிசைந்து ஒட்டும் பசையால் கம்ப்யூட்டர் திரையின் மேல்விளிம்பில் நடுவாக நிறுத்தினேன். ஸ்பிட்ஃபயரில் இருப்பதுபோலவே. குவிந்த கண்ணாடி என்பதால் முன்னறை முழுவதும் அதில் அடங்கியது. எல்லாரும் சின்னதாக, வாசல் ரொம்பத் தூரத்தில். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் கண்ணாடி நடுங்கும், உள்ளே இருப்பவர்களும் நடுங்குவார்கள். விமானத்திலும் இந்தத் தொல்லை உண்டு என்று படித்திருந்ததால் எனக்கு அதில் ஒரு ரகசிய சந்தோஷம்.

முதலில் கேட்டது வரவேற்பில் இருக்கும் பெண். முப்பது வயது இருக்கும். அடிவாரத்தில் வீடு. எல்.கே.ஜி. படிக்கும் மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தினமும் காலை பஸ்ஸில் மலையேறி வருவாள். வாய் ஓயாது. கோபத்தோடு வருகிற விருந்தாளியைக்கூட அரை நிமிஷத்தில் சிரிக்கவைத்துவிடுவாள்.

"ஏனுங்க சார், என்னங்க இது? லாரிக்கு வெச்ச மாதிரி?"

நான் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். ஆர்வத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கல்லாம் உங்களுக்கு எதிரிங்களா சார்?" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு பொருள் பழகிவிட்டால் மனிதர்களுக்கு அது கண்ணில் படாது. பத்துப் பதினைந்து நாளில் அந்தக் கண்ணாடியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒரு மத்தியான வேளை, விருந்தாளிகள் இல்லாத நேரம். மேனேஜரும் சமையல்காரரும் சோபா அருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜி.எஸ்.டி. கணக்கில் மூழ்கியிருந்தேன். சத்தமில்லாத சிரிப்பு ஒன்று இருக்கிறதே, மூக்கு வழியாக மட்டும் வெளிவருவது, அது கேட்டது. கண்ணை மேலே தூக்கினேன்.

கண்ணாடிக்குள் அந்தப் பெண், நான் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தாள். யாரோ கூப்பிட்டதாக நின்றாள். காலை நகர்த்தினாள், இடுப்பைத் திருப்பினாள், தோளும் தலையும் ஒரே பலகையாகத் திரும்பின. பிறகு கண்ணை மட்டும் ஓரத்துக்குத் தள்ளி, "ம்?" என்று புருவத்தைத் தூக்கினாள். அது நானேதான். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று சொல்ல முடியாது. நான் எப்படி நடக்கிறேன் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. முதல்முறையாக இன்னொருவர் உடம்பில் பார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். "போயிப் பேசுங்க" என்றோ "விட்டுத்தள்ளுங்க" என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழவியை நிறுத்திவிட்டு, "நல்லா செஞ்சாளா?" என்று கேட்டாள்.

"நொம்ப நல்லா."

"உங்க தம்பி எத்தன தடவ செஞ்சு காமிச்சிருக்கறாரு, ஒருக்காவும் உங்கள மாதிரி வந்ததில்லியே" என்றாள். அவள் சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது.

உண்மைதான். கழுத்து திரும்பாதவனைப்போல நடிக்க நினைக்கிறவர்கள் கழுத்தை மட்டும்தான் விறைப்பாக வைத்துக்கொள்வார்கள். இந்த நோய் கழுத்தில் தொடங்குவதில்லை. இடுப்புக்குக் கீழே தொடங்கி மேலே ஏறுகிறது. அந்தப் பெண் இடுப்பிலிருந்து திரும்பினாள். வலது காலில் பாரத்தைப் போடாமல் திரும்பினாள். நான் அப்படித் திரும்புகிறவன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது?

அதற்குப் பிறகு கண்ணாடியில் அவளையே பார்க்க ஆரம்பித்தேன். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே வரும்போது அவள் நடை கனமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது முதலில் கையை மேடையில் ஊன்றினாள், பிறகு பாதி எழுந்து ஒரு கணம் நின்றாள், பிறகுதான் நிமிர்ந்தாள். விருந்தாளி யாராவது எதிரில் இருந்தால் அதை ஒரு சிரிப்பால் மறைத்துவிடுவாள். யாரும் இல்லையென்றால் முகம் சுருங்கும். மத்தியானத்துக்கு மேல், நாலு தடவை மாடி ஏறி இறங்கிய பிறகு, சுத்தமாகச் சரியாகிவிடுவாள். உழைத்ததால் வந்த வலி உட்கார்ந்தால் குறையும். இது உட்கார்ந்தால் கூடி, நடந்தால் குறைகிற வலி. ஒரு வாரம் ஒரு கண் மட்டும் சிவந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். மெட்ராஸ் ஐ என்று எல்லாரும் விலகிப்போனார்கள். வேறு யாருக்கும் ஒட்டவில்லை.

எனக்கு இருபத்தாறு வயதில் இதெல்லாம் அப்படியே நடந்தது. மெத்தையை மாற்றச் சொன்னார்கள். பைக் ஓட்டாதே என்றார்கள். கண் சிவந்ததற்குத் தனியாகச் சொட்டு மருந்து போட்டேன்; கண்ணுக்கும் இடுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல அப்போது எனக்கு யாரும் வாய்க்கவில்லை. நோயின் பெயர் தெரியவந்தபோது முதுகெலும்பில் பாதி ஒட்டிப்போயிருந்தது.

ஆனால் நான் டாக்டர் இல்லை. விமானியின் கண்ணாடியில் தெரிகிற ஒரு புள்ளி எதிரி விமானமாகவும் இருக்கலாம், கண்ணாடியில் ஒட்டிய அழுக்காகவும் இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். அதைத் தீர்மானிக்க அவனுக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம். எனக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னால், அவளைக் கண்ணாடியில் கவனித்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எந்த வார்த்தையில் சொன்னாலும் நன்றாக இருக்காது. மனைவியிடம் கேட்டேன். "நான் வேணா வந்து சொல்லட்டுமா?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே, "வேணாம். பாத்தது நீங்க. நீங்களே சொல்றதுதான் மரியாத" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத காலைநேரம் சொன்னேன்.

"ஏம்மா, காலையில எந்திரிக்கறப்ப இடுப்பு புடிச்சுக்குதுங்களா?"

"ஆமாங்க சார். பையன் பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க. ஊசி போட்டாங்கல்ல முதுகுல, அதுதான்னு அத்த சொல்றாங்க."

"எந்திரிச்சு நடந்தா சரியாகுதுங்களா?"

"ஆவுதுங்க." அவள் முகத்தில் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. "எதுக்குங்க கேக்கறீங்க?"

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று, நோயின் நீளமான ஆங்கிலப் பெயரையும் சொன்னேன். சேலத்தில் மூட்டுவாத டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஒருமுறை காட்டிவிட்டால் நல்லது என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"அதுல எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"நான் உங்கள மாதிரி நடந்து காமிச்சதையும்?"

"அதையும்தான்."

அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். "அதுக்காவ, எனக்கும் உங்கள மாதிரியே ஆவோணும்னு சொல்றீங்களா சார்? அந்த வாய் வேணாங்க உங்களுக்கு. நான் புள்ளையத் தூக்கறவ."

நான் எவ்வளவோ சொல்ல முயன்றேன். மேனேஜர் உள்ளே வந்ததால் அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை நான் போனபோது கண்ணாடி சுவர்ப் பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது. பசையில் விரிசல் விழும் அளவுக்குத் திருகியிருந்தாள். அதன் கறுப்பு முதுகுதான் என்னைப் பார்த்தது. நான் அதைத் தொடவில்லை. அன்றே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் பார்க்கட்டும் என்று பகலிலேயே, எல்லாரும் இருக்கும்போதே கழற்றினேன். மறுபடி யாராவது காபியை நீட்டினால் தூக்கிவாரிப்போடட்டும், பரவாயில்லை என்று தோன்றியது.

அவள் என்னோடு பேசாத நாட்கள் நீண்டன. வேலைக்கு வேண்டியதை மட்டும், "ரூம் நாலு காலிங்க சார்" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்வாள். நான் அவள் பக்கம் திரும்புவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். என் திரும்பலே அவளுக்கு ஒரு பயமுறுத்தலாக இருக்குமோ என்று கூச்சமாக இருந்தது. என் உடம்பைப் பற்றி நான் அவ்வளவு கூச்சப்பட்டது அந்த மாதத்தில்தான்.

பிறகு ஒருநாள் மத்தியானம் அவளே ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் மேசைக்குப் பக்கவாட்டில், நான் பார்க்க முடிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறனுங்க. விடியக்காலம் வலி வந்து முழிப்புத் தட்டுமுங்களா உங்களுக்கு?"

"தட்டுமுங்க. எந்திரிச்சு நடந்தாத்தான் தூக்கம் வரும்."

"பொச்சாங்கட்டையில ஒரு நா இந்தப் பக்கம், ஒரு நா அந்தப் பக்கம்…" என்று பிட்டத்து வலியைச் சொல்ல ஆரம்பித்துக் கூச்சத்தில் நிறுத்தினாள்.

"மாறி மாறி வலிக்கும். எனக்கும்தான்."

அவள் கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உங்க மேல கோவத்துல ஒவ்வொரு நாளும் பாத்தனுங்க சார். இன்னிக்கு வலிக்காது, இன்னிக்கு வலிக்காதுன்னு. நீங்க சொன்னது பொய்யாவோணும்னு." நான் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னேன்.

சனிக்கிழமை என் மனைவியும் அவளும்தான் சேலத்துக்குப் போனார்கள். நான் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வந்து முன்னாடி உக்காந்தா அந்தப் புள்ள உங்களத்தான் பாத்துட்டே இருக்கும். வேணாம்" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரி. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல்முறை நான் உட்கார்ந்திருந்தபோது எதிரில் கூன்விழுந்த ஒரு பெரியவர் இருந்தார்; இன்றைக்கும் அவர் முகம் நினைவில் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து முடிவு வர இன்னொரு வாரம் ஆனது. அவள் போன் செய்தபோது பஸ் சத்தம் கேட்டது. "சார், நீங்க சொன்ன அந்த நீளமான பேருதானுங்க" என்றாள். பிறகு அவசரமாக, "ஆனா ஆரம்பந்தானாம். எதுவும் ஒட்டலையாம். மாத்தர, அப்பறம் தெனமும் எக்ஸசைஸு. ஒட்ட உடமாட்டேன்னு டாக்டர் சொன்னாருங்க, நானும் உடமாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

போனை வைத்த பிறகு என் மனம் எப்படி இருந்தது என்று நேர்மையாகச் சொல்கிறேன். நான் சொன்னது சரியாக இருந்ததில் சந்தோஷம் இல்லை. நிம்மதி இருந்தது. அதற்கு அடியில் பொறாமை ஒன்றும் இருந்தது. எனக்கு இருபத்தாறு வயதில் யாராவது பின்னாலிருந்து பார்த்திருந்தால் என்று. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். ஏரிப்பக்கம் பனி இறங்கிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் யாரோ விசில் ஊதிப் படகுகளைத் திருப்பிக் கூப்பிட்டார்கள்.

அடுத்த சில மாதங்கள் அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலியாக இருக்கும் விழா அறையில் சுவரோரம் நின்று உடற்பயிற்சி செய்தாள். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் பட வேண்டும். என் பின்தலை சுவரைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அவள் என்னையும் வற்புறுத்திக் கூப்பிட்டு நிறுத்தி, சுவருக்கும் தலைக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகிவிட்டாள். "இந்தாங்க, இப்ப தொட்டுருச்சு" என்றாள். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு மலையேறுவது வேண்டாம் என்று வீட்டில் சொன்னதால், போன வருடம் அவள் கீழேயே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வரவேற்பில் இப்போது வேறு ஒருவர். அமைதியானவர், விருந்தாளிகளை அவரால் சிரிக்கவைக்க முடியவில்லை. கண்ணாடியை நான் மறுபடி பொருத்தவில்லை. இணைய வயரை மட்டும் சுவரோரமாக இழுத்து, மேசையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் முடியாது என்று நினைத்த வேலையை ஒரு எலக்ட்ரீசியன் வந்து அரை மணியில் முடித்துவிட்டுப் போனார்.

போன மாதம் பரிசோதனைக்காகச் சேலம் போயிருந்தேன். ஆஸ்பத்திரி கேண்டீனில் அவளும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டான். "இந்த மாமாகிட்டதாண்டா ப்ளேன் இருக்குது" என்று அவள் சொன்னதும், அவன் என் சட்டைப் பையையே பார்த்தான். அதற்குள் இருக்கிறது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. அது எப்படிப் பறக்கும் என்று கேட்டான். பறக்காது, ஒட்டிவைத்தது என்றேன். அவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "அப்ப எதுக்கு?" என்றான்.

அவள் சிரித்துவிட்டு, டோக்கனைக் கூப்பிட்டார்கள் என்று எழுந்தாள். "இவன ஒரு நிமிசம் பாத்துக்கங்க சார், உளுந்து வடைன்னா ரெண்டு திம்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேரும் வடை வாங்கப் போனோம்.